புதுத் தெரு, பழைய நாய்கள்

மாந்தலே நிலநடுக்கத்துக்குப் பிறகு ரங்கூனுக்குக் குடிவந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. தாக்கேட்டாவில் வாடகை வீடு. சந்து முனையில் ஏழெட்டு நாய்கள். எட்டு வயது மகன் விடிகாலையில் டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். மாமனார் சைக்கிளில் கோயிலுக்குப் போய்வருகிறார். இவர்களைக் கண்டால் நாய்கள் குரைத்துக்கொண்டு துரத்துகின்றன, சந்தில் மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. கடிபடாமல் இருக்க என்ன வழி, கடித்துவிட்டால் என்ன செய்வது, மாநகராட்சியிடம் சொல்லி அப்புறப்படுத்த முடியுமா என்று கேட்கிறார். கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அந்த நாய்கள் வெறி பிடித்தவை அல்ல, பொல்லாதவையும் அல்ல. அவற்றுக்கு நீங்கள் ஊர் பேர் தெரியாத ஆட்கள். உங்கள் வாசனை புதிது, நடை புதிது, நீங்கள் வரும் நேரம் புதிது. நாம் "தெரு நாய்" என்று சொல்வதால் அதற்கு யாருமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊரில் அப்படி இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சோறு போடுகிற கை ஒன்று இருக்கும். டீக்கடையில் மிச்சம் போடுகிற பையன், புத்தருக்குப் படைத்த சோற்றைக் கொண்டுவந்து வைக்கிற பாட்டி, பக்கத்து மடத்துப் பொடியன்கள் என்று யாராவது இருப்பார்கள். நாய்கள் காவல் காப்பது அந்தச் சோற்று இடத்தைத்தான்.

அதனால் நான் முதலில் சொல்வது கம்பு அல்ல, அறிமுகம். உங்கள் சந்தில் சோறு போடுவது யார் என்று விசாரியுங்கள். அத்தோ நூடுல்ஸ் கடையில் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அவரிடம் போய், "புதிதாக வந்திருக்கிறோம், பையன் பயப்படுகிறான், சோறு போடும்போது நாங்களும் வந்து நிற்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். பகல் வெளிச்சத்தில், அவர் பக்கத்தில், வீட்டில் எல்லோரும் சும்மா நில்லுங்கள். தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம், கையால் ஊட்டவும் வேண்டாம். நாய் தானாக வந்து மோந்துவிட்டுப் போகட்டும். தொடர்ந்து சில நாள் இப்படி நின்றால் குரைப்பு குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். மாமனார் சைக்கிளோடு வந்து நிற்பது நல்லது. சைக்கிளும் அறிமுகமாக வேண்டும் அல்லவா?

நீங்களே சோறு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் வாசலில் போடாதீர்கள். போட்டால் உங்கள் வாசல் அவற்றின் சோற்று இடமாகிவிடும். அப்புறம் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். புண்ணியம் உங்களுக்கு, ஊசி அவர்களுக்கு. கொடுக்க ஆசை இருந்தால் அந்தப் பாட்டி போடும் இடத்தில், அவர் போடும் நேரத்தில் கொடுங்கள்.

விடிகாலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவதைக் கவனித்திருப்பீர்கள். வெறுங்கால், கையில் சோற்றுப் பாத்திரம், அதிலிருந்து வாசனை வேறு வருகிறது. ஆனாலும் நாய்கள் சும்மா பின்னால் நடந்து வருமே தவிர அவர்கள் மேல் பாய்வதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். தினமும் அதே நேரம், அதே வழி என்பது ஒரு காரணம். நடக்கிற விதம் இன்னொரு காரணம். பார்வை தரையில், கை உடம்போடு, வேகம் மாறாது, சத்தம் கிடையாது. நாயின் கண்ணுக்கு அதில் சவாலும் இல்லை, பயந்து ஓடும் இரையும் இல்லை. உங்கள் மகனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை, ஒருநாள் காலையில் வாசலில் நிறுத்திக் காட்டுங்கள், "அவங்க மாதிரி நட" என்று.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்க் கூட்டம் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான். பகலில் கார் அடியில் படுத்துக் கிடக்கும் அதே நாய் ராத்திரியில் வேறு ஆள். கரண்ட் போன நேரத்தில் சந்து முழுக்க இருட்டு. டார்ச் கட்டாயம் கையில் இருக்கட்டும். அதை நாயின் கண்ணில் அடிப்பதற்காக அல்ல, வழியில் தூங்கும் நாயை மிதிக்காமல் இருப்பதற்காக. தூக்கத்தில் மிதிபட்ட நாய் முதலில் கடிக்கும், பிறகுதான் யார் என்று பார்க்கும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். சந்தில் தண்ணீர் நின்றால் காய்ந்த இடம் என்பது மாடிப்படியும் நடைபாதை ஓரமும்தான். அது நமக்கும் வேண்டும், அதற்கும் வேண்டும். படியில் குட்டி போட்ட நாய் படுத்திருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். யாராவது தெரிந்தவர் சோறு காட்டி நகர்த்தும் வரை நில்லுங்கள். குட்டியோடு இருக்கும் தாய்நாயிடம் எந்த அறிமுகமும் செல்லாது.

இன்னொரு சமயமும் உண்டு. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் எங்கிருந்தோ ஆண் நாய்கள் கூடிவிடும். அதில் பாதி உங்கள் சந்து நாயே அல்ல, ஒன்றோடொன்று சண்டை வேறு. அந்த நாட்களில் சுற்றி வேறு வழியாகப் போய்விடுங்கள். ததின்ஜூட் என்ற பர்மிய விளக்குத் திருவிழா, தீபாவளி சமயத்தில் பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்களும் அப்படித்தான். மிரண்ட நாயைத் தடவிக் கொடுத்து ஆறுதல் சொல்லப் போய்க் கடிபடுகிறவர்கள் உண்டு.

சரி, ஒரு நாய் எதிரே வருகிறது. அது என்ன நினைக்கிறது என்று எப்படித் தெரியும்? வாலை ஆட்டினால் பாசம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உடம்பு முழுக்க வளைந்து நெளிந்து, வால் தளர்வாக ஆடினால்தான் அது பாசம். வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் மெதுவாக அசைந்தால் அது எச்சரிக்கை. முதுகு மயிர் சிலிர்த்திருக்கும், கால்கள் கம்பு போல நிற்கும், கண் உங்களை விட்டு நகராது, உதடு சுருங்கிப் பல் தெரியும். இதற்கு நேர் எதிரான நாயும் ஆபத்துதான். வாலைக் காலுக்குள் இடுக்கி, காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி ஒதுங்கும் நாய் பயந்திருக்கிறது. அதை மூலையில் மடக்கினால் கடிக்கும். நீங்கள் திரும்பி நடக்கும்போது பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடும் வகையும் இதுதான். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை மட்டும் மகனுக்குச் சொல்லித் தராதீர்கள். குரைத்துக்கொண்டே வந்து கடித்த நாய்களுக்கு நானே மயக்க ஊசி போட்டிருக்கிறேன்.

விறைத்து நிற்கும் நாயைப் பார்த்தால் ஓடக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கால் கேட்காது. கைலி கட்டியவர் ஓடினால் முடிச்சு அவிழ்ந்து தடுக்கி விழுவதுதான் நடக்கும். நின்றுவிடுங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், அதன் காலைப் பார்த்தாற்போல் இருங்கள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்வாங்குங்கள். முதுகு காட்ட வேண்டாம். நடுவில் ஏதாவது ஒன்று வரட்டும். நிற்கிற கார், சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா, வீட்டுக் கேட், எதுவானாலும் சரி. குடை இருந்தால் அதைவிட நல்ல பொருள் இல்லை. பட்டென்று விரித்தால் பல நாய்கள் திகைத்துப் பின்வாங்கும், வாங்காவிட்டாலும் முதல் கடி குடைத்துணிக்குப் போகும். பை, டிபன் தூக்கு, கழற்றிய சட்டை எல்லாம் அதே வேலையைச் செய்யும். ஒரே ஒரு அதட்டல் போடலாம், கனத்த குரலில். "த்வா!" என்று பர்மியத்தில் சொன்னாலும் "போ!" என்று தமிழில் சொன்னாலும் ஒன்றுதான், குரல் கீச்சிடாமல் இருந்தால் போதும்.

கல்லெடுப்பதுபோலக் குனிவது நம் ஆட்களின் பழைய வித்தை. தூரத்தில் நிற்கும் தெரு நாயிடம் அது பலிக்கும், ஏனென்றால் அதன் வாழ்க்கையில் குனிந்தவர்கள் எல்லாம் எறிந்திருக்கிறார்கள். ஆனால் நாய் நாலைந்து அடிக்குள் வந்துவிட்டால் குனியாதீர்கள். முகமும் கழுத்தும் அதன் வாய்க்கு நேரே போய்விடும். நிஜமாகவே கல்லால் அடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. இன்று அடித்தால் நாளை அதே நாய் உங்கள் நடையை அடையாளம் வைத்துக்கொள்ளும், பலன் உங்கள் மகனுக்கு வரும்.

கூட்டமாக வந்தால் முதலில் வரும் ஒன்றிரண்டுதான் தைரியசாலிகள், மற்றவை அவற்றைப் பார்த்து வருபவை. உங்களைச் சுற்றி வளைக்க விடாதீர்கள், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். சந்து ஆள் ஒருவர் வெளியே வந்து பெயர் சொல்லி அதட்டினாலே கூட்டம் கலைந்துவிடும். கீழே தள்ளிவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடி, முழங்கையால் காதை மறைத்துக்கொள்ள வேண்டும். கையையோ காலையோ கவ்வியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். இதை மகனுக்கு வீட்டில் பாயில் விளையாட்டாகப் பழக்குங்கள். குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுவது அதிகம், உயரம் அப்படி. கையில் ஈச்சாக்குவே என்ற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரத்தைத் தின்றுகொண்டே நடக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். பாதி நாய்கள் வருவது பையனுக்காக அல்ல, அந்த எண்ணெய் வாசனைக்காக.

மாமனாருக்கு ஒரு வார்த்தை. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு நெடுங்காலமாகத் தடை, அதனால் மாந்தலே நாய்கள் மோட்டார் சைக்கிளைத் துரத்துவதுபோல இங்கே மிதிவண்டியைத் துரத்துகின்றன. உருளும் சக்கரமும் ஆடும் காலும் அவற்றைக் கிளப்பிவிடும். வேகமாக மிதித்துத் தப்பலாம் என்று நினைத்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பெரியவர்கள் நாய்க்கடியால் கஷ்டப்பட்டவர்களைவிட அதிகக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். சந்து முனைக்கு முன்பே இறங்கி, சைக்கிளை நாய்ப் பக்கம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகட்டும். தாண்டிய பிறகு ஏறிக்கொள்ளலாம். கோயிலுக்கு இரண்டு நிமிடம் தாமதமானால் சாமி ஒன்றும் சொல்லாது.

இனி கடித்துவிட்டால். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

பர்மாவில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட எவரும் பிழைப்பதில்லை, தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்தபின் எந்த மருத்துவமனையாலும் ஒன்றும் செய்ய முடியாது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, அதில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் நாய் மூலம்தான். ஆனால் அறிகுறி வருவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் முழுக்கத் தடுத்துவிடக்கூடிய நோயும் இதுதான். கடித்ததற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையில் பொதுவாக இரண்டு மூன்று மாதம் இருக்கும், சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். "போன மாதம் கடித்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்பது அதனால் சமாதானமே இல்லை. போன மாதம் கடித்து ஊசி போடாமல் விட்டவரும் இன்றைக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை குழாயடி. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு கழுவும்போது இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தெரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடித்தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து ஊற்றுங்கள். சந்தில் நிற்கும் வெள்ளத்தண்ணீர் வேண்டாம். அப்புறம் பீட்டாடின் மாதிரி ஏதாவது கிருமிநாசினி தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், முகத்துக்குப் பூசும் தனகா மரப்பட்டைச் சாந்து என்று எதையும் அப்பாதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தையலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுவதுதான் முறை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அதே நாளில் மருத்துவமனை. தோல் கிழியாமல் லேசான நகக்கீறல், பல் பட்ட தடம் என்றால் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை காயத்திலேயே நின்று தடுப்பது இந்த மருந்து. இதைக் கேட்டு வாங்குங்கள், பலர் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நல்ல தோலை நாய் நக்கியதற்கு மட்டும் ஒன்றும் தேவையில்லை, கழுவினால் போதும்.

ஊசி இப்போது கையில்தான் போடுகிறார்கள். வயிற்றில் பதினாலு ஊசி என்று மாமனார் பயமுறுத்தினால் அது அவர் காலத்துக் கதை என்று சொல்லுங்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள் என்பது வழக்கமான அட்டவணை, முதல் ஊசி போடும் நாள்தான் 0. தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறைகளும் உண்டு, அதற்கு நாட்கள் வேறு. எந்த முறையானாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். கறி மீன் சாப்பிடக் கூடாது என்ற பத்தியம் எதுவும் கிடையாது. டெட்டனஸ் ஊசியும் கூடவே கேளுங்கள்.

கடித்த நாயைக் கொல்லாதீர்கள், விரட்டவும் வேண்டாம். சோறு போடுபவரிடம் சொல்லி 10 நாள் கண் வைத்திருங்கள். கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் இந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழும் அல்லது செத்துப்போகும். பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் நாய் சாகிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது மகா தப்பு. முதல் ஊசி அன்றைக்கே.

வெறி பிடித்த நாய் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு கண்டதையெல்லாம் கடிக்கும் என்றுதான் நினைப்போம். அப்படியும் உண்டு. குரல் மாறிக் கரகரக்கும், மண்ணையும் கட்டையையும் கடிக்கும், காரணமே இல்லாமல் பாயும். ஆனால் சாதுவாக மூலையில் ஒடுங்கி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகும் வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போலவே இருக்கும். பாவம் என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகள் எங்களிடம் அப்படி வந்தவர்கள் எல்லாம் இரக்கக்காரர்கள்தான். சின்னக் குட்டி கடித்தாலும் கணக்கு இதேதான், பூனைக்கும் இதேதான்.

ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில், எந்த கிளினிக்கில் நாய்க்கடி ஊசி இருக்கிறது, இம்யூனோகுளோபுலின் எங்கே கிடைக்கிறது, ராத்திரியில் திறந்திருப்பது எது என்று விசாரித்து எழுதி வையுங்கள். மருந்துத் தட்டுப்பாடு உள்ள காலம் இது. கடிபட்ட பிறகு டாக்ஸி பிடித்துக்கொண்டு கடை கடையாக அலைவது கொடுமை. வசதி இருந்தால் மகனுக்கு முன்கூட்டியே போடும் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 0, 7 என்று இரண்டே நாட்கள்தான். போட்டிருந்தால் பிற்பாடு கடித்தாலும் கழுவிவிட்டு இரண்டு ஊசி போட்டுக்கொண்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேட வேண்டியதில்லை. குழந்தைகள் கடிபட்டதை அடிக்குப் பயந்து மறைத்துவிடுவார்கள். "கடித்தால் உன்னைத் திட்டவே மாட்டேன், உடனே சொல்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக மாநகராட்சி. முன்பெல்லாம் ரங்கூனில் விஷம் கலந்த இறைச்சியை ராத்திரியில் போட்டுவிட்டுப் போவார்கள், காலையில் செத்த நாய்களை அள்ளுவார்கள். அதனால் நாய்கள் குறைந்ததா என்றால் இல்லை. குப்பையும் சோறும் அப்படியே கிடக்கும்போது காலியான இடத்துக்குப் பக்கத்துச் சந்திலிருந்து புது நாய்கள் வந்துவிடும். அவை உங்களையும் அறியாதவை, ஊசி போடாதவை. இருந்த பழைய நாய்களில் ஊசி போட்டவையும் விஷத்தில் போயிருக்கும். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் அங்கே பரவ முடியாமல் நின்றுவிடும் என்பதுதான் உலகெங்கும் பார்த்த அனுபவம். அதனால் பத்துவீட்டுத் தலைவரிடம் போகும்போது "நாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று மனுக் கொடுக்காதீர்கள். பௌத்தர்கள் நடுவில் அந்த மனு உங்களுக்குக் கெட்ட பெயர்தான் வாங்கித் தரும். "நம் சந்து நாய்களுக்கு ஊசி போட ஆளை வரவழைப்போம், செலவில் நாங்களும் பங்கு தருகிறோம்" என்று கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடித் தடுப்பு நாள், அதை ஒட்டிக் கேட்டால் கால்நடைத் துறையினரும் காது கொடுப்பார்கள். ஊசி போடும் அன்று நாய்களைப் பிடித்துக் கொடுக்கப் போவது அந்தச் சோறு போடும் பாட்டிதான், அவரைத் தவிர வேறு யாரிடமும் அவை நிற்காது. அவரோடு உங்கள் மகனும் போகட்டும், நாய்களின் பெயரை எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.